திருச்சியில் பதினோரு நாள் ஹோட்டல் சாப்பாடு

போன வருஷம் நானும் என் கணவரும் அயர்லாந்திலிருந்து திருச்சிக்கு வந்தபோது ஸ்ரீரங்கத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. என் அம்மா வீடும் மாமியார் வீடும் அங்கேதான் இருக்கின்றன, இரண்டு தெரு தள்ளி. நாங்களோ சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிட்டோம். பெண் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க வந்திருக்கிறோம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது என்று நான்தான் திட்டம் போட்டேன். என் திட்டங்கள் எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும்.

ஹோட்டலில் சுவரைப் பார்த்த மேஜையாகத் தேடி உட்காருவோம். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? பிறந்து வளர்ந்த ஊரில் திருடன் மாதிரி பொங்கல் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் சர்வர் என் கணவரிடம், சாருக்கு எந்த ஊரு என்று கேட்டார். அவர் சென்னை என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

நாங்கள் தத்தெடுக்க வந்த பெண்ணுக்கு ஏழு வயது. ஐந்து வயது தாண்டிய பிள்ளை என்றால் அதனிடமும் சம்மதம் கேட்பார்களாம். முதல் நாளே அவள் இருந்த குழந்தைகள் விடுதியின் பொறுப்பாளர் அம்மா சொல்லிவிட்டார்: "அவ சரின்னாத்தாங்க மேற்கொண்டு எல்லாம்." எனக்கு நாற்பத்தாறு. நாலு வருஷம் காத்திருந்து எங்களுக்கு வந்த குழந்தையின் பெயர் இது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் அவளை மதியச் சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிப்போக அனுமதி கிடைத்தது. விடுதியில் அவளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவும் கூட வந்தார். நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்தேன். ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவுகிற இடம் எங்கே என்று தேடினாள். சர்வர் வந்து வாங்கிக்கொண்டதும் தப்பு பண்ணிவிட்டவள் போல என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு நான் தாயாகிவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுபடி எட்டாம் நாள். அன்று புதன்கிழமை. என்ன வேணும் கண்ணா, எது வேணுமோ கேள் என்றேன். நன்றாக யோசித்து, முட்டை என்றாள். விடுதியில் புதன்கிழமை மதியம் ஆளுக்கொரு அவித்த முட்டை போடுவார்கள், எங்களோடு வந்ததில் இவளுக்கு அது போயிற்று என்று அக்கா விளக்கினார்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது சைவ ஹோட்டல். இங்கே கிடைக்காது, அடுத்த தடவை வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் மாமியாரின் சமையலறை வந்து நின்றது. சமைத்த தளிகையைப் பெருமாளுக்குப் படைக்காமல் ஒரு வாய் சாப்பிடாத வீடு. அங்கே போய் இவள் முட்டை கேட்டால்?

"நாமெல்லாம் முட்டை சாப்பிடறதில்லடா கண்ணா."

"புதன்கெழமை கூடவா?"

"எந்தக் கிழமையும் கிடையாது. நம்ம வீட்டுக்குள்ளயே வராது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், தலையைத் தடவிக்கொண்டே. என் கணவர் சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். டப்ளினில் எங்கள் ஃபிரிட்ஜில் எப்போதும் ஒரு டஜன் முட்டை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆம்லெட் போடுவது அவர்தான்.

பத்தாம் நாள் பிள்ளையின் சம்மதம் கேட்கும் அதிகாரி வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர், பிள்ளை போக மாட்டேன் என்கிறாள், அங்கே முட்டையே கிடையாதாம் என்று சிரித்தார். இதெல்லாம் ஒரு காரணமா, நீங்களே பேசிப் பாருங்கள், நாளைக்கு மறுபடி கேட்கிறேன் என்று தைரியமும் சொன்னார்.

மறுநாள் பொறுப்பாளர் அம்மாவின் அறையில் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் முட்டை இருக்கிறது, தினமும் சாப்பிடலாம், இரண்டு கூடச் சாப்பிடலாம் என்றேன். என் கணவர் போனில் ஃபிரிட்ஜ் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். ஆனால் அக்காவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு இல்லேன்னீங்க. இன்னைக்கு இருக்குங்கிறீங்க. அங்க கூட்டிட்டுப் போய் என்ன சொல்லுவீங்க?"

அதிகாரி மறுபடி கேட்டபோதும் அவள் மாட்டேன் என்றே சொன்னாள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அக்கா அவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.