எல்லாக் கட்டிலுக்கும் உறவான அருமைநாயகம்

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிப் பெண்கள் வார்ட்டில் சிற்றூழியராக இருந்த நாவற்குடா அருமைநாயகத்துக்கு அரசாங்கம் கொடுத்த வேலை, கட்டில் தள்ளுவது. அவராக எடுத்துக்கொண்ட வேலை, கட்டிலில் கிடப்பவருக்கு உறவாவது.

சண்டைக் காலம். தோணித்துறையை மூடிவிட்டால் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து நோயாளியைப் பார்க்க வர முடியாது. ஆகவே அருமைநாயகம் முதலில் விசாரிப்பது நோயை அல்ல, தாய்வழியில் வரும் குலமான குடியை. எந்தக் குடியைச் சொன்னாலும், "அட, நானும் அதுதானே" என்பார். அந்தக் கணமே நோயாளிக்கு ஒரு தம்பியோ மகனோ கிடைத்துவிடுவான். அதன்பின் ஊசி அவ்வளவாக நோகாது. மருத்துவ உலகம் இதை இன்னும் ஆராயவில்லை.

படுவான்கரையிலிருந்து வந்த சீதேவிப்பிள்ளைக்குக் குடல் இறங்கி இறுகியிருந்தது. இன்றே வெட்டாவிட்டால் ஆள் தப்பாது என்றார் டொக்டர்.

"என்ர அண்ணன் வந்து என்ர தலையில கைவச்சுப் போ எண்டு சொல்லாம நான் கத்திக்குப் போகன்," என்றார் சீதேவிப்பிள்ளை. அண்ணனோ வாவிக்கு அப்பால்.

அருமைநாயகம் கட்டிலடிக்கு வந்தார். "என்ன குடியக்கா?"

"காலிங்கா குடி."

"நானும் அதுதான். முறைக்கு நான் உங்களுக்குத் தாய்மாமன்."

அறுபது வயது மருமகள் முப்பது வயது மாமனை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் தேற்றாத்தீவு அன்னப்பூரணி எழுந்து உட்கார்ந்தார். "என்னட்டப் படையாண்ட குடி எண்டாயே மனே?"

"அது... அப்பாட குடி."

வார்ட்டே சிரித்தது. தகப்பன் வழியில் குடி வருமென்று மட்டக்களப்பில் குழந்தையும் சொல்லாது.

"பொய்க்காரா," என்றார் சீதேவிப்பிள்ளை.

"ஓம், பொய்தான். ஆனா தோணி வருமட்டும் உங்கட குடல் காத்திரிக்காது."

"நான் செத்தா அண்ணனுக்கு ஆர் பதில் சொல்றது?"

"நான் சொல்றன்."

"அவன் அடிப்பான்."

"அடிக்கட்டும். ஆஸ்பத்திரிக்குள்ளதானே, உடனே மருந்து கட்டலாம்."

சிரிப்பு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார் சீதேவிப்பிள்ளை. நோவில் கண் கலங்கியது. "சரி, கையை வை," என்றார்.

அருமைநாயகம் கையைக் கழுவித் துடைத்து, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் போன்ற முகத்தோடு அந்த நரைத்த தலையில் வைத்தார். "போய் வா, புள்ள."

பின்னேரம் வெட்டு முடிந்து சீதேவிப்பிள்ளைக்கு மயக்கம் தெளிந்தபோது, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அருமைநாயகம் கட்டிலருகே நின்றார்.

"மாமா, தண்ணி தா."

டொக்டர் தடுத்திருந்தார். மாமன் பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் ஒற்றினார்.

சீதேவிப்பிள்ளை சிரமப்பட்டு அன்னப்பூரணியின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இவன் உங்கட குடிதான்கா. எங்கட ஆக்கள் இப்பிடிக் கஞ்சனில்ல."