சாம்பாரில் மீன் கரண்டி

காவிரி பாயும் பாபநாசத்தில், உப்புத்தண்ணீர் கலந்து வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்கிறவன் நான். புதிதாக வாங்கிய கோமாளி மீனை, நோய் இருந்தால் மற்றவற்றுக்கும் தொற்றுமே என்று தனித் தொட்டியில் விட்டேன். மறுநாள் அதில் மிச்சத் தீனியை வலையால் அள்ளிவிட்டு, அதே வலையோடு பெரிய தொட்டிக்குப் போனேன்.

“ஏங்க! மீன் கொழம்பு கரண்டிய சாம்பார்ல போடுவீங்களா?” என்று கத்தினாள் மனைவி. என் கை அந்தரத்தில் நின்றது.

சாயங்காலமே புது மீன் மேல் வெள்ளைப் புள்ளிகள்! நல்லவேளை, நோய் அந்தத் தொட்டியோடு நின்றது. மருந்தில் தேறிய மீன் இப்போது பெரிய தொட்டியில் கும்மாளமிடுகிறது.

அன்றிலிருந்து தொட்டிக்கொரு வலை, தொட்டிக்கொரு வாளி. தனித் தொட்டி வலைக்கு வீட்டில் ‘மீன் கரண்டி’ என்றே பெயர். வண்ணமீன் கடையிலும் வாய்தவறி அப்படியே கேட்டுவிட்டேன்.

“பாத்திரக் கடை எதுத்தாப்ல இருக்கு சார்” என்றார் கடைக்காரர்.