பில்கிஸ் ஃபைலில் பதினோரு தாள்

ஜெயசீலி டீச்சரைக் கெட்டவங்கன்னு யாரும் சொல்ல முடியாது. ஆம்பூர்ல பன்னெண்டு வருஷமா ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்குக் கெமிஸ்ட்ரி நடத்தினவங்க. ஆனா பில்கிஸ்னு பேரைக் கேட்டாப் போதும், வயிறு பத்திக்கிட்டு எரியும்.

ரெண்டு பேரும் வேலூர்ல ஒரே கைடுகிட்ட பிஎச்.டி. தோல் பதனிடுற டேனரிக் கழிவுத் தண்ணியிலேர்ந்து குரோமியத்தைப் பிரிச்செடுக்கிறதுதான் ரெண்டு பேருக்கும் ஆராய்ச்சி. டீச்சர் வேலையும் பார்த்துக்கிட்டு சனிக்கிழமை சனிக்கிழமை பஸ் ஏறி வர்றவங்க. பில்கிஸ் பத்து வயசு சின்னவ, தினம் லேப்லயே கிடப்பா. "பில்கிஸைப் பாரும்மா"ன்னு கைடு சொல்லாத சனிக்கிழமை கிடையாது. பார்த்துப் பார்த்தே டீச்சருக்கு பி.பி. ஏறிப்போச்சு.

2006ல காலேஜ்ல புது ஏற்பாடு. ரெண்டு பக்க ரிப்போர்ட்டை நீட்டிட்டுப் போற கதையெல்லாம் இனி நடக்காது. மூணு வருஷமா செஞ்சது அத்தனையும் ஒரு ஃபைல்ல இருக்கணும். கமிட்டி அதைப் புரட்டிப் பார்த்துத்தான் மேல விடும். டீச்சருக்கு ஏற்கெனவே ஒரு தடவை டைம் கொடுத்தாச்சு. இந்தத் தடவை தேறலைன்னா பதிவே ரத்து.

சும்மா இருப்பாங்களா? ரஃப் நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாங்க. சரியா வந்த சோதனைகளை மட்டும் முத்து முத்தா எழுதினாங்க. தேடினாலும் ஒரு அடித்தல் கிடைக்காது.

அன்னிக்குக் காலையில ஃபைலெல்லாம் கமிட்டி ரூம் மேஜை மேல இருந்துச்சு, ஆள் யாரும் வரலை. கை சும்மா இருக்குமா? டீச்சர் பில்கிஸ் ஃபைலைத் திறந்தாங்க. கடைசியில பதினோரு தாள், அத்தனையும் சொதப்பின சோதனை. ஏன் சொதப்புச்சுன்னு வேற வளைச்சு வளைச்சு எழுதி வெச்சிருந்தா. அடிப்பாவி, இதையா கொண்டாந்து வெச்சே! டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கலை. கிளிப்பைக் கழட்டி, அந்தப் பதினொண்ணையும் தூக்கி முதல்ல சொருகிட்டாங்க. திறந்ததும் கமிட்டிக்காரங்க மூஞ்சி சுளிக்கட்டும்.

எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சாங்க. கமிட்டித் தலைவர் ரத்தினசாமி பில்கிஸ் ஃபைலைத் திறந்தார். மூஞ்சி சுளிக்கலை. கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு அத்தனை தாளையும் நிதானமாப் படிச்சார்.

"தோத்ததை முதல்ல வைக்கத் தில்லு வேணும்மா. நீ எங்கிருந்து எங்க வந்திருக்கேன்னு இதுலதான் தெரியுது. சபாஷ்!"

பில்கிஸ் முழிச்சா.

அடுத்து டீச்சர் ஃபைல். "ஏம்மா, மூணு வருஷத்துல நீங்க ஒரு தப்புகூடப் பண்ணலையா?"

"இல்லைங்க சார்."

"அப்ப எதை வெச்சு நீங்க முன்னேறினீங்கன்னு நான் எழுதறது? ரஃப் நோட்டாவது காட்டுங்க."

எங்கேருந்து காட்டுறது? பதிவு ரத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

வராண்டாவுல பில்கிஸ் ஓடிவந்து கையைப் பிடிச்சிக்கிட்டா. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. "அக்கா, உங்களுக்கு இப்படி ஆயிடுச்சே, மனசே கேக்கலைக்கா. அந்தத் தாளையெல்லாம் நான் கடைசியிலதான் வெச்சேன். யார் முன்னாடி வெச்சாங்கன்னே தெரியலை. யாரா இருந்தாலும் ஆண்டவன் அவங்களை நல்லா வைக்கணும்."

பழக்கதோஷம், டீச்சர் வாயிலேர்ந்து 'ஆமென்' வந்துடுச்சு.