முதல் வரியில் ஓர் உ

கம்பெனி பஸ் ஒரகடம் கூட்டுச்சாலையில் நின்றபோது, பின் இருக்கையில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. “நம்ம சாஃப்ட்வேர் ரூம் கஸ்தூரி அக்கா எறந்து பூட்டாங்களாம்பா. நெஞ்சு வலியாம்.” அப்போது நான் கஸ்தூரிக்குத்தான் கைபேசியில் ஒரு சந்தேகம் தட்டிக்கொண்டிருந்தேன். பாதிக் கேள்வியில் விரல் நின்றுவிட்டது. அதை அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும், அவருடன் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். உதிரிபாகங்களைச் சோதிக்கும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதும் நம் அறைக்குப் புதிய மென்பொருள் கருவி ஒன்று வந்தாலே எனக்குப் பயம்தான். குறிப்பை இருமுறை படிப்பேன். ஒவ்வொரு படியாகச் சரிபார்ப்பேன். அப்படியும் நிறுவ முடியாது. தவறு என்னிடம்தான் என்று நினைத்துக்கொள்வேன். கஸ்தூரி ஒப்புக்கொள்ளமாட்டார். “அதுக்குத்தான் சார் ஒண்ணும் தெரியல. உங்களுக்கு இன்னா கொற?”

சென்ற ஆண்டு வந்த கருவி, முதல் வரியில் புரியாத எழுத்து இருப்பதாகச் சொல்லி, காலை முழுவதும் என்னைத் திருப்பி அனுப்பியது. நிறுவும்போது அது படிப்பதற்காக நான் தட்டி வைத்த அமைப்புக் கோப்பின் முதல் வரியைப் பலமுறை பார்த்தேன். பிழை எதுவும் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு வந்த கஸ்தூரி எட்டிப் பார்த்தார். சிரிப்புத் தாங்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“சார், புள்ளையாரையே உள்ள வுட மாட்டேங்குது சார் இது!”

கோப்பின் உச்சியில் பிள்ளையார் சுழி. பள்ளிப் பரீட்சைத் தாளிலிருந்து வந்த பழக்கம். கை தானாகப் போட்டிருக்கிறது, கண்ணுக்கு அது எழுத்தாகவே படவில்லை. வெட்கத்தோடு அழிக்கப் போனேன்.

“இருக்கட்டும் சார். அவரு இன்னா தொந்தரவா பண்றாரு? நான் பாத்துக்கறேன்.”

கருவியை நிறுவுவதற்கு நம் அறைக்கென்று அவர் எழுதிய சிறு நிரலை அன்றே திருத்தினார். அந்த உ வந்தால் அது தாண்டிப் போய்விடும். பிறகு எனக்குத் தடங்கலே இல்லை.

அவர் போன பிறகு இன்னொரு கருவி வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் அதற்கு மாறி, கஸ்தூரியின் நிரலை அழித்துவிட வேண்டும் என்பது உத்தரவு. பயத்தில் முதல் வேலையாக உ-வை நீக்கினேன். அப்படியும் புதியது நிறுவப்படவில்லை. வேறு வழியில்லாமல், பழையதையாவது திரும்பப் போடலாம் என்று அவருடைய நிரலை ஓட்டினேன். திரையில் தமிழில் ஒரு வரி வந்து நின்றது.

“சார், மேல உ காணோமே. ஒடம்பு சரியில்லியா?”

எனக்காக, என் கணினியில் மட்டும் வரும்படி எழுதி வைத்திருக்கிறார். சுழி போடாமல் நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. அதனால் அந்த வரி இதுவரை வெளிவரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய நாற்காலி மேசைக்குள் தள்ளியே இருந்தது.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வந்தார். “உங்க மிஷின்ல மட்டும்தான் சார் பழசு கீது. தூக்கிடட்டா?”

“வேண்டாம்” என்றேன்.

“இன்னா சார், சென்டிமென்டா?”

“ஆமாம்.”

இந்த அறையில் நான் ஒன்றை மறுத்தது அதுவே முதல்முறை. அவரும் வற்புறுத்தவில்லை.

கஸ்தூரிக்கு அனுப்பாத என் கேள்வி கைபேசியில் இருக்கிறது. அவர் என்னைக் கேட்ட கேள்வி கணினியில் இருக்கிறது. கஸ்தூரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். பதிலாக எதைத் தட்டுவது என்று தெரியாமல், முதல் வரிக்குப் போய் ஓர் உ மட்டும் போட்டேன்.