பஸ் போகாத ஊருக்கு

எழுபதுகளின் கடைசியில் ஒரு காலாண்டு விடுமுறைக்கு, ஜவ்வாது மலையில் ஓர் ஊரில் எட்டு நாள் தங்க நானும் என் கணவரும் திட்டம் போட்டோம். அந்த ஊருக்கு ரோடு கிடையாது. அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு மைல் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். மாட்டு வண்டிகூட மேலே போகாது என்று கேள்விப்பட்ட அன்றே அந்த ஊர்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

காரணம் அவருடைய கைகள். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு ஓடும் தனியார் பஸ்ஸில் அவர் பதினான்கு வருடமாக டிரைவர். ஆவணியில் ஒரு நாள், மதகுக்குப் பக்கத்து வளைவில் பஸ் ஒரு மாட்டு வண்டியை இடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாட்டுக்குக் கால் முறிந்தது. அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவருக்கு இரண்டு கையும் நடுங்கின. வீட்டில் காபி டம்ளரைப் பிடித்தாலும் நடுங்கின. வண்டிச் சத்தமே இல்லாத இடத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரும்படி டாக்டர் சொன்னார். முதலாளி புரட்டாசி முடியும்வரை தவணை தந்தார். அதற்குள் கை நடுக்கம் நிற்காவிட்டால் பஸ் சாவி வேறு ஒருவரிடம் போய்விடும்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பயிற்சி முகாமில் பழக்கமான தோழி ஒருத்தி மூலம் அந்த மலையூர் வாத்தியாரின் விலாசம் கிடைத்தது. இன்லண்டு கடிதத்தில் பதினொரு கேள்விகள் எழுதி அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பள்ளிக்கூடத்தின் பின்னறை காலியாக இருக்கிறது, கூரை ஒழுகாது. அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் கொண்டு வரவும். சாமையும் தேனும் இங்கேயே கிடைக்கும். ஏற எவ்வளவு நேரமாகும் என்ற ஏழாவது கேள்விக்கு மட்டும் 'ஏறும்போது தெரியும்' என்று எழுதியிருந்தார்.

அது எனக்குப் போதவில்லை. பள்ளி விட்டதும் இருவரும் தினமும் பெரிய ஏரிக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் ஏறிப் பார்க்க இருக்கும் மேடு ஏரிக்கரைதான். அவர் தோளில் ஆறு கிலோ அரிசிப் பை, என் கையில் கடிகாரம். கரையில் ஏறி, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரை நடந்து, இறங்கி, மறுபடி ஏறுவோம். ஏரியில் பாதித் தண்ணீர் இருந்தது. நாற்றங்கால் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் பக்கத்தில் அவ்வளவு தூரம் நடந்தது அப்போதுதான்.

ஒரு நாள் அவருடைய பஸ் கண்டக்டர் சைக்கிளில் எதிரே வந்தார்.

"இன்னா டிரைவரே, ரேஷன் அரிசிக்கு ஏரியைச் சுத்திக் காட்டிக்கினு கீற?"

"மலை ஏறப் போறோம்டா. பழகிக்கினு கீறோம்."

"எந்த மலை? பஸ் போவுதா?"

"போவாது."

கண்டக்டர் என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, பஸ்ஸே போவாத ஊருக்கு டிரைவரை இட்டுக்கினு போறீங்களே! மீனைக் கொண்டாந்து மரத்துல கட்டி வுடற கணக்கா கீது."

இவர் சிரித்த சிரிப்பில் பை தோளிலிருந்து நழுவியது. ஆவணிக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

அந்த உற்சாகத்தில் பயணம் முழுவதையும் ஒரு தாளில் பென்சிலால் எழுதினேன். வாலாஜாபாத்துக்கு முதல் பஸ், அங்கிருந்து அரக்கோணத்துக்கு ரயில், அங்கே மாறி வாணியம்பாடி, பிறகு அடிவாரத்துக்கு பஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம். மலைப்பாதைக்கு இரண்டு மணி பத்து நிமிடம், நடுவில் ஐந்து நிமிட ஓய்வு இரண்டு தடவை. மேலே போன பிறகு எட்டு நாளும் எத்தனை மணிக்கு எழுவது, எத்தனை மணிக்கு நடப்பது என்பதுவரை எழுதி அவரிடம் நீட்டினேன். தாள் அவர் கையில் படபடத்தது.

"இன்னாமே இது, டைம் கீப்பர் சீட்டு கணக்கா கீது?"

"நேரம் எழுதலேன்னா ரயிலை எப்படிங்க பிடிக்கிறது?"

"ரயிலுக்கு சரி. மலை மேல குந்தறதுக்குமா?" தாளை என்னிடமே திருப்பித் தந்தார். "அன்னிக்கு எனக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு. ஸ்டாண்டுல டைம் கீப்பர் கத்துவான்னுதான் வளைவுல அமுத்தினேன். மாடு எதிர்லயே கீது. நான் வாச்சைப் பாத்துக்கினு கீறேன்."

அதுவரை அவர் இதை என்னிடம் சொன்னதில்லை.

ரப்பரை எடுத்து இரண்டு ரயில் நேரங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தேன். அடிவாரத்துக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்று மலை வாத்தியாருக்கு எழுதி வைத்திருந்த கார்டைக் கிழித்தேன். 'விடுமுறையில் வருகிறோம், காத்திருக்க வேண்டாம்' என்று வேறு கார்டு போட்டேன்.

புறப்பட வேண்டிய வியாழக்கிழமை விடியற்காலையில் நான் இட்லி கட்டி, மூட்டைகளைக் கதவோரம் வைத்துவிட்டேன். வேலைக்குப் போகாத அந்த நாட்களிலும் அவர் நாலு மணிக்கே விழித்துக்கொள்வார். அன்று எழவில்லை. ஒருக்களித்துப் படுத்திருந்தார். பஸ் நிலையம் எங்கள் தெருவுக்கு அடுத்தது. வாலாஜாபாத் பஸ் ஹாரன் அடித்தது, உறுமியது, போயே விட்டது. அவர் தோளைத் தொடப் போன கையை நான் எடுத்துக்கொண்டேன்.

ஏழேகாலுக்கு எழுந்து வந்தார். "ஏன்மே எயுப்பல? ரயிலு போயிருக்குமே!"

"நாளைக்கும் ரயில் வருங்க."

மறுநாள் போனோம். மலையில் ஏழு நாள்தான் கிடைத்தது. கை நடுக்கம் முழுதாக நின்றது என்று சொல்ல மாட்டேன். ஐப்பசியில் சாவியை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நின்றது.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் இருப்பது அந்த வியாழக்கிழமைதான். மலைக்குப் போகிறோம் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டதால் வெளியே தலைகாட்ட வெட்கம். கதவைச் சாத்திக்கொண்டோம். நாங்கள் இல்லை என்று நினைத்து அன்று யாரும் கூப்பிடவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை. கட்டிய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வழிக்கென்று கட்டிய இட்லியை மூன்று வேளையும் தின்றோம்.