இடப்பக்கம் எறிந்த பந்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் என் குறி தப்பாது. ஆமத்தூரில் என்னோடு கோலி விளையாடியவர்கள் எல்லாரும் காலிப் பையோடுதான் வீடு போனார்கள். இன்று சொந்தமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறேன் என்றால் சும்மாவா? அப்பேர்ப்பட்டவனையும் ஒருவர் திணறடித்தார். கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா.

விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குத் தட்டு ராட்டினம் ஒன்று வந்திருந்தது. நடுவில் கம்பம் கிடையாது. விளிம்பைச் சுற்றி ஆட்கள் உட்கார, ராட்டினக்காரர் கையால் தள்ளிவிடுவார். மாமா என்னிடம் ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டு நேர் எதிரே போய் உட்கார்ந்தார்.

“ஏலே, என் கையில விழுறாப்புல எறி. விழுந்துச்சுன்னா நாளைக்கே லோடு லாரியில தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போயி கடலைக் காட்டுறேன்.”

கடலை நான் பார்த்ததே இல்லை. கண்மாய்தான் எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர். ராட்டினம் இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கியது. மாமாவின் கையைப் பார்த்து எறிந்தேன். பந்து என் வலப்பக்கமாக ஒதுங்கிப்போய்ப் பொரிகடலைக் கூடையில் விழுந்தது. மறுபடியும் எறிந்தேன். மறுபடியும் வலப்பக்கம்.

“அம்புட்டுத்தானா ஒன் குறி?”

“ராட்டினக்காரரோட சேந்துக்கிட்டு ஏமாத்துறீக, மாமா.”

“நான் எங்கலே ஏமாத்துறேன்? பூமியும் இப்படித்தான் சுத்துது. நம்ம கடல்ல காத்தும் நீரோட்டமும் ஒன் பந்து மாதிரியேதான் வலப்பக்கம் ஒதுங்கும்.”

“பூமி சுத்துனா நமக்குத் தலை சுத்தாதா?”

ராட்டினமே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கடைசித் தடவை மாமாவை விட்டுவிட்டு, எனக்கு இடப்பக்கமாக, அவரை ஒட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மாவைக் குறிபார்த்தேன். “ஏன்டா, நான் என்ன பாவம் பண்ணுனேன்?” என்று அவர் முகத்தை மூடிக்கொண்டார். பந்து நேராக மாமாவின் கைக்குள் போய் விழுந்தது.

மறுநாள் கடலைப் பார்த்தேன். மாமாவை ஜெயித்துவிட்ட தெம்பில் அலைக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

இப்போது ஐப்பசி வந்தால் புயல் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் வெடியைக் காயப்போடச் சொல்கிறேன். எங்கிருந்தோ ஓடிவரும் காற்றெல்லாம் வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி, மேகத்தை அதே ராட்டினம்போல இடஞ்சுழியாகச் சுற்றவைக்கிறது. எம்புட்டுப் பெரிய ஏற்பாடு! அன்று பந்து வளைந்து போனதாகவே நினைத்தேன். அது நேராகத்தான் போனது. சுற்றியது, அசையாமல் உட்கார்ந்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த இடம்.