விளக்குப் போடாத மதியம்

பெய்ரோங்குக்கு அலுவலகத்தில் ஒரு காலத்தில் பம்பரம் என்று பெயர். தைச்சுங் நகரத்தில் சைக்கிள் உதிரி பாகங்களை ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒன்றில் கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவள். ஒரு காதில் டச்சுக்காரர், மறு காதில் தொழிற்சாலைக்காரர், கையில் சாப்பாட்டுப் பெட்டி என்று சுழன்றுகொண்டே இருப்பாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இருக்காது, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வருவாள். கோவிட் வந்த வருஷம் அந்தப் பம்பரம் சாய்ந்தது. மூன்று வருஷமாகியும் நிமிரவில்லை.

காய்ச்சல் என்னவோ ஒரு வாரத்தில் போய்விட்டது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, அதுதான் அவள் கதை. தலைக்குக் குளித்தால் அரை நாள் படுக்க வேண்டும். வாயில் இருக்கும் சொல் சட்டென்று காணாமல் போகும். ஒருமுறை டச்சுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது 'பிரேக்' என்ற சொல்லே வரவில்லை. பத்தொன்பது வருஷமாக பிரேக் விற்கிறவள், 'வண்டியை நிறுத்துமே, அது' என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார், இவளும் கூடச் சிரித்துவைத்தாள். இணைப்பைத் துண்டித்த பிறகு அழுதாள்.

டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படமெடுத்தார்கள், எல்லாம் சுத்தம் என்றார்கள். நன்றாக நடங்கள் என்றார் ஒருவர். நடந்தாள், இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஓர் இளம் டாக்டர்தான் இதற்கு நீள் கோவிட் என்று பெயர் உண்டு, மருந்துதான் இன்னும் இல்லை என்றார். பெயர் கிடைத்ததில் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. பிறகு, பெயரை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஊரில் எல்லோருக்கும்தான் வந்தது, எல்லோரும்தான் எழுந்து நடமாடுகிறார்கள். ஆகவே அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வீட்டிலிருந்து வேலை என்று ஒன்று இருந்ததால் பிழைத்தாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் குளுகுளுவென்ற தரையில் படுத்துக்கொண்டு, மடிக்கணினியை வயிற்றில் வைத்து வேலை பார்த்தாள். கூட்டங்களில் கேமரா கெட்டுப்போய்விட்டது என்பாள். கெட்டுப்போன கேமராவை ஏன் இரண்டு வருஷமாகச் சரி செய்யவில்லை என்று யாரும் கேட்காதது கடவுள் புண்ணியம். தொல்லை அந்தப் பச்சைப் புள்ளிதான். கொஞ்ச நேரம் மவுஸை அசைக்காவிட்டால் புள்ளி மஞ்சளாகும், ஆள் இடத்தில் இல்லை என்று ஊருக்கே தண்டோரா போடும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கணவனின் பழைய கைக்கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்துவிட்டால் போதும். உள்ளே நொடிமுள் ஓட ஓட, திரையில் அம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும், புள்ளியும் பச்சையாகவே இருக்கும். கண்ணை மூடிக் கிடந்த நேரத்துக்கு ஈடாக விடியற்காலையில் எழுந்து துண்டு துண்டாக வேலையை முடித்துவிடுவாள். ஒரு ஆர்டரும் தவறியதில்லை. ஆனாலும் மவுஸுக்கு அடியில் அந்த டிக் டிக் கேட்கிறபோதெல்லாம் திருடியைப்போல் உடம்பு கூசும்.

இந்த வசந்தத்தில் எல்லோரும் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கூட்டத்தில் மேனேஜர் ஹுவாங், வீட்டிலிருந்தால் உடம்பு தூங்கும், அலுவலகம் வந்தால் தானாக முழித்துக்கொள்ளும் என்று தத்துவம் வேறு சொன்னார். பெய்ரோங் தனியாகப் போய், நோயின் பெயரைச் சொல்லாமல், உடம்பு சரியில்லை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன், தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றவர் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். மாதக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அந்த வேலையை விட்டால் தான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. அந்தப் பயம் ஒரு பக்கம் அரித்தது.

"என்னக்கா, முன்னாடி படியில ஓடுவீங்களாம்? இப்ப ஒரு மாடிக்குக்கூட லிஃப்டா?" என்று பக்கத்து இருக்கை ஷின்யீ கேலி செய்வாள். கெட்ட பெண் இல்லை. சாயங்காலம் எல்லோருக்கும் ஜவ்வரிசி டீ வரவழைக்கும்போது இவளுக்குச் சர்க்கரை குறைத்துச் சொல்ல மறக்கமாட்டாள். வயசாச்சுடி என்று சொல்லி பெய்ரோங் தப்பித்துக்கொள்வாள்.

நாளெல்லாம் அவள் காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். அந்த ஊர் அலுவலக வழக்கப்படி, மதியம் சாப்பிட்டதும் மாடி முழுக்க விளக்கு அணையும், ஆளுக்கொரு தலையணையை எடுத்து மேசையில் கவிழ்ந்துவிடுவார்கள். விளக்கை அணைப்பதும் போடுவதும் ஹுவாங்கின் கைதான். சுவிட்ச் அவர் அறை வாசலில் இருந்தது, வேறு யாரும் தொட்டதில்லை. விளக்கு எரியும்வரை ஒருவரையொருவர் எழுப்பக் கூடாது என்பது எழுதாத சட்டம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஊரே அவளோடு சேர்ந்து படுத்திருந்தது, ஒளிய வேண்டியதில்லை.

அன்றைக்கு அவள் கண் விழித்தபோது இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு லேசாக இருந்தது. இத்தனை லேசாக இருக்கக் கூடாதே என்று பயம் வந்தது. தலையைத் தூக்கினாள். வரிசை வரிசையாகத் திரைகள் ஒளிர, இருட்டில் எல்லோரும் பேச்சில்லாமல் விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மணி மூன்றாகப் போகிறது. தன் ஊரில் விடிந்ததுமே, இங்கே மதியம் இரண்டு மணிக்கே, கூப்பிடும் டச்சுக்காரரின் நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

"அவர்கிட்ட நான் பேசிட்டேன்க்கா, மாடிப்படியில போயி," என்று ஷின்யீ கிசுகிசுத்தாள்.

"என்னை ஏன்டி எழுப்பல?"

"லைட்டே போடலையே. எப்படி எழுப்புறது?"

பெய்ரோங்குக்கு ஒன்றுதான் தோன்றியது. ஹுவாங் வந்து பார்த்திருக்கிறார், இவள் கட்டைபோல் கிடப்பதைக் கண்டு, வீட்டிலும் இப்படித்தான் தூங்கியிருக்கிறாள், எல்லோரும் பாருங்கள் என்று வேண்டுமென்றே விளக்கைப் போடாமல் விட்டிருக்கிறார். இனி எழுதுவதாவது அனுப்புவதாவது. அவர் போகச் சொல்வதற்கு முன், வேலையை விடுகிறேன் என்று நாமே போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள்.

கதவைத் தட்டினாள். பதில் இல்லை. திறந்தாள்.

ஹுவாங் மடக்குக் கட்டிலில் காலணியைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மேசையில் அவர் கணினி விழித்திருந்தது. பச்சைப் புள்ளி, நடுங்கும் அம்பு, மவுஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்.

அவள் கதவைச் சாத்தினாள். சத்தம் கேட்டு எழுந்தவர் மணி பார்க்க வெறும் மணிக்கட்டைத் திருப்பினார். பிறகு மவுஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தேள் கொட்டிய திருடனின் முகம் எப்படியிருக்கும் என்று அவள் அன்று கண்டாள்.

"எப்போலேர்ந்துங்க?" என்றாள்.

"ரெண்டாவது தடவை கோவிட் வந்தப்போலேர்ந்து. படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கூட்டத்துல பேசிக்கிட்டே இருப்பேன், எதைப் பத்திப் பேசுறேன்னே மறந்துபோயிடும்."

"அப்புறம் எங்களை ஏன் வரச் சொன்னீங்க?"

"மேலேர்ந்து கேட்டாங்க, சரின்னுட்டேன். முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்களேம்மா."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. தினமும் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் விழுந்த சாயங்காலங்கள் அத்தனையும் கண் முன்னே வந்தன. அதே சமயம், மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தன் நோயை இன்னொருவர் முகத்தில் பார்க்கிறோம் என்ற ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதல்மேலும் கோபம் வந்தது.

"எனக்கும் அதேதான். என் விஷயத்தை இன்னிக்கே எழுதுங்க," என்றாள்.

"எழுதினா நம்ப மாட்டாங்க பெய்ரோங். தூங்குமூஞ்சிக்குச் சாக்குன்னு சொல்லுவாங்க."

"அப்ப ரெண்டு பேரா எழுதுங்க. முதல்ல என் பேரு, அடுத்தது உங்க பேரு."

"என் பேரா? நான் மேனேஜர்ம்மா."

"அதுக்குத்தான் கேக்குறேன். உங்க பேரு இருந்தாதான் என் பேரை நம்புவாங்க."

கதவுக்கு வெளியே அத்தனை பேரும் இருட்டில் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஹுவாங் கையை நீட்டி, மவுஸுக்கு அடியிலிருந்து கைக்கடிகாரத்தை உருவி மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். திரையில் அம்பு நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சைப் புள்ளி மஞ்சளானது.

"எழுதுறேன். நீ போயி லைட்டைப் போடு," என்றார்.